வாய்தா

பாலக்கோடு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாது,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை என்று கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் வண்டித்தட வழக்கில் சாட்சி சொல்ல வேலைக்கு லீவு போட்டு, திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து, கோர்ட் வராந்தாவில் மத்தியானம் வரை காத்திருந்தாய். பெயரைக் கூப்பிட்டார்கள், எதிர்த்தரப்பு வக்கீல் வேறொரு கோர்ட்டில் இருக்கிறார் என்று ஜூனியர் சொன்னார், இரண்டு நிமிஷத்தில் வாய்தா போட்டு வழக்குக் கட்டை மூடிவிட்டார்கள். உன்னை அலைய வைத்தது எனக்கு ரொம்ப வருத்தம். ஆனால் "வாய்தா என்ற சொல்லையே ஒழிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறாயே, அது மட்டும் வேண்டாம். இரண்டு நாளாக அந்தச் சொல்லைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகள் பரணில் கிடக்கின்றன, உனக்குத் தெரியும். நேற்று ஒன்றை எடுத்துத் தூசி தட்டினேன். புளிக்கு முன்பணம் கொடுத்த பக்கத்தில் "மாசி 10 வாய்தா, ரூ. 40" என்று எழுதி, பக்கத்திலேயே சிவப்புப் பென்சிலில் "வந்தது" என்று போட்டிருக்கிறார். பக்கம் பக்கமாக அப்படித்தான். வாய்தா, வந்தது. வாய்தா, வந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் "வரவில்லை" என்று இருக்கிறது, அதன் கீழே இரண்டு கோடு. அன்றைக்கு வாய்தா என்றால் சொன்ன நாள். அந்த நாளில் பணம் கைக்கு வந்தாக வேண்டும்.

சொல்லின் பிறப்பும் அதுதான். அரபியில் வாக்குக் கொடுப்பதைக் குறிக்கும் சொல் பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. இந்தியில் வாதா என்றால் இன்றும் வாக்குறுதிதான். பின்னொரு தேதியில் சரக்கைத் தருகிறேன் என்று இன்றைக்கே விலை பேசி முடிக்கிற வியாபாரத்துக்கு வடக்கே வாய்தா பஜார் என்றே பெயர். நம் ஓசூர்ப் பக்கம் கன்னடக்காரர்களைக் கேட்டால் வாயிதெ என்பது கெடு, முடிவு நாள். தெலுங்கில் வாயிதா என்றால் தவணையும் உண்டு, ஒத்திப்போடுவதும் உண்டு. கிஸ்தி, ஜமாபந்தி, ஜப்தி எல்லாம் இதே வழியில் வந்த சொற்கள்தான். 1792-இல் திப்புவிடமிருந்து நம் பகுதியான பாரமஹாலை வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் வரி வசூலில் இந்த மாதிரிச் சொற்களையே வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் கோர்ட்டில் இந்தச் சொல் எப்படி நடமாடுகிறது என்று பார். கோர்ட் வாய்தா போடும். வக்கீல் வாய்தா வாங்குவார். கட்சிக்காரன் வாய்தாவுக்குப் போவான். போடுகிறவருக்கு அது ஒரு தேதி, வாங்குகிறவருக்கு அவகாசம், போகிறவனுக்கு ஒரு நாள் பிழைப்பு நஷ்டம். நாம் போகாமல் வாய்தா தவறினால் வழக்கே தள்ளுபடியாகலாம். எதிர்த்தரப்பு தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகலாம். அந்த மட்டில் சொல்லுக்குள் பழைய கண்டிப்பு கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

உத்தரவில் எழுதும்போது ஒத்திவைப்பு என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் முதல் தடவை நான் வீட்டுக்கு வந்து "ஒத்தி வச்சிட்டாங்க" என்றதும் அம்மா பதறிப்போனார். அவருக்கு ஒத்தி என்றால் நிலத்தை ஈடு வைப்பது. "எவ்வளவுக்கு வச்சே?" என்று கேட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய்தா என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

நீ கேட்டாயே, இதற்குக் கணக்கே கிடையாதா என்று. இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 17-ஆவது கட்டளை என்று ஒன்று. வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று தடவைக்கு மேல் வாய்தா கொடுக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. 1999-இல் திருத்தி, 2002 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வக்கீல் வேறு கோர்ட்டில் இருப்பது காரணமாகாது என்றும் அதிலேயே இருக்கிறது! இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் பக்கத்து ஊர்க்காரர்கள்தான், சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005-இல் தீர்ப்பு வந்தது. விதி செல்லும், ஆனால் மனித சக்திக்கு மீறிய ஆபத்து வந்தால் மூன்றுக்கு மேலும் கொடுக்கலாம் என்றார்கள். போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், சுனாமி என்று உதாரணமும் காட்டினார்கள். சுனாமி எங்கே, ஜூனியர் வந்து சொன்ன காரணம் எங்கே. என் வக்கீலிடம் இதைக் கேட்டேன். இந்தத் தடவை எதிர்த்தரப்பு மறுபடி வாய்தா கேட்டால் ஆட்சேபிப்பதாகவும், செலவுத் தொகை கேட்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

வாய்தா வேண்டிய நேரமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். போன வருஷம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நாங்களும் ஒன்று வாங்கினோம். அது கிடைத்திருக்காவிட்டால் அம்மா பக்கத்தில் நான் இருந்திருக்க முடியாது. அதனால்தான் அந்தச் சொல் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா இப்போது பரவாயில்லை. களி கிண்டினால் ஒரு உருண்டை சாப்பிடுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வாய்தா வரும் 18-ஆம் தேதி. உன் நிரூபண வாக்குமூலம், அதாவது எழுத்தில் கொடுத்த சாட்சியம், ஏற்கெனவே தாக்கலாகிவிட்டது. குறுக்கு விசாரணைக்கு நீ நேரில் வந்தாக வேண்டும். அந்த வண்டித்தடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் தடையில்லாமல் போய்வந்தோம் என்று காட்டினால்தான் வழி உரிமை நிற்கும். நாம் பள்ளிக்கூடம் விட்டு வந்து உங்கள் மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு போன தடம் அது. உன்னைத் தவிர அதைச் சொல்ல இன்று ஊரில் ஆளில்லை.

இன்னொரு தடவை வா என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வருகிறேன் என்று ஒரு வரி எழுது. அப்பா நோட்டில் எழுதிய மாதிரி நானும் குறித்துக்கொள்கிறேன். இந்தத் தடவை முந்தின நாளே வந்து வீட்டில் தங்கிவிடு. எத்தனை மணி பஸ் என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்பேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்