பழைய ரைபிளில் எது இயல்பு, எது பழுது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய போர் ஆயுதங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் அமெரிக்காவின் எம்1 கராண்ட் ரைபிளைப் பற்றிச் சொன்ன இரண்டு விஷயங்கள் தவறு. ஒன்றை நம்பினால் நல்ல ரைபிளைப் பழுது என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்னொன்றை நம்பினால் யாருக்காவது அடிபடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கோவை பீளமேட்டில் ஒரு பம்ப் பட்டறையில் லேத் பழகியவன். 27 வருடமாக ஓஹையோ மாநிலத்தின் டொலீடோவில் இருக்கிறேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் காம்ப் பெர்ரி. கோடையில் அங்கே நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிகளில், இந்த ரைபிளை வடிவமைத்த ஜான் கராண்டின் பெயரிலேயே ஒரு போட்டி உண்டு. என்னிடம் இருப்பது ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி என்ற அரசு ஆயுதத் தொழிற்சாலையில் 1943-இல் செய்தது. குழல் மட்டும் 1950-களில் மாற்றியது. போருக்கு அப்புறம் ராணுவப் பட்டறைகளில் இவற்றைப் பிரித்துச் சேர்த்தபோது, எந்தக் கம்பெனிப் பாகம் கைக்கு வந்ததோ அதைப் போட்டார்கள். ஒரே ரைபிளில் வேறு வேறு முத்திரை இருந்தால் அது குறையில்லை.

முதல் தவறு, பிரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் தட்டினால் வெடிக்கும் சின்ன மூடியில், விழும் குழி. உள்ளே ஏறிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்துப் பார்த்தால் அடியில் மெலிதாக ஒரு குழி தெரியும். பிரைமரைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின் தேய்ந்ததற்கு அதுதான் அடையாளம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இல்லை. இந்த ரைபிளில் அந்தப் பின்னைப் பின்னால் பிடித்து வைக்க ஸ்பிரிங்கே கிடையாது. தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற போல்டுக்குள் அது தளர்வாகத்தான் கிடக்கும். போல்ட் வேகமாக முன்னால் போய் நிற்கும்போது, பஸ்ஸில் பிரேக் போட்டால் நிற்பவர்கள் முன்னால் சாய்கிற மாதிரி, பின்னும் முன்னால் போய் பிரைமரை லேசாகத் தட்டும். 1936-இல் ராணுவம் ஏற்றுக்கொண்ட வடிவமே அப்படித்தான். ராணுவத் தோட்டாவின் பிரைமர் கெட்டியானது, தட்டலைத் தாங்கிக்கொள்ளும். மென்மையான பிரைமர் உள்ள தோட்டா என்றால் கவனம் தேவை. எதுவாக இருந்தாலும் ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கக் கூடாது.

இது தெரியாமல் நானும் பணம் இழந்தேன். ரைபிள் வாங்கிய முதல் வருடம், இந்தக் குழியைக் காட்டியதும் ஒரு ரிப்பேர் கடையில் புதுப் பின் போட்டு 140 டாலர் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே குழி.

எட்டுத் தோட்டா கொண்ட இரும்பு கிளிப்பை மேலிருந்து அழுத்தியதும் போல்ட் தானாக மூடாமல் நின்றுவிடுவதும் இதே மாதிரி இயல்புதான், பழுதில்லை. உள்ளங்கையால் போல்டின் கைப்பிடியை முன்னால் ஒரு தட்டு தட்டினால் போதும். எட்டாவது தோட்டா வெடித்ததும் காலி கிளிப் 'டிங்' என்று மேலே துள்ளி விழும், போல்ட் பின்னால் திறந்து நிற்கும். கிளிப் ஏழாவதிலேயே துள்ளினாலோ, எட்டு முடிந்தும் வெளியே வராவிட்டாலோ உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது தவறுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வயதான ரைபிள் எப்போதாவது ஒரே அழுத்தலில் இரண்டு தடவை வெடிப்பது சகஜம் என்று எழுதியிருந்தது. ஐயா, இது சகஜமே இல்லை. செமி ஆட்டோமேட்டிக் என்றாலே ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு. 2019 கோடையில் எங்கள் கிளப்பில் எனக்குப் பக்கத்து மேடையில் இது நடந்ததைப் பார்த்தேன். முதல் குண்டு இலக்குக்குப் போனது. அந்த உதையில் குழல் மேலே எழுந்திருந்தபோது இரண்டாவதும் வெடித்து, மண்மேட்டுக்கு மேலே போய்விட்டது. சுட்டவர் எழுபது வயதைத் தாண்டியவர். "பழசு, அப்படித்தான் இருக்கும்" என்றார். மேற்பார்வையாளர் அந்த ரைபிளை அன்றைக்கு மறுபடி தொடவிடவில்லை. பிரித்துப் பார்த்தபோது ஹேமரின், அதாவது ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியலின், கொக்கி விளிம்பு மழுங்கியிருந்தது.

இதைத் தோட்டா இல்லாமலே சோதிக்கலாம். ரைபிள் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடியே போல்டைப் பின்னால் இழுத்து முன்னால் போகவிட வேண்டும். ஹேமர் பின்னாலேயே மாட்டி நிற்க வேண்டும். அப்புறம் டிரிக்கரை மெதுவாக விட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், ஹேமர் ஒரு கொக்கியிலிருந்து இன்னொரு கொக்கிக்கு மாறுகிற சத்தம். அது கேட்காவிட்டாலோ, ஹேமர் போல்டோடு சேர்ந்து முன்னால் போய்விட்டாலோ, அந்த ரைபிளில் தோட்டா போடவே கூடாது.

இயல்புக்கும் ஆபத்துக்கும் நடுவில், வயதால் வருகிற தேய்மானம் ஒன்று இருக்கிறது. சுட்டதும் வெளியே வரும் தோட்டாவின் காலிக் கூடு எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். சுடுபவர் பார்க்கும் திசையை 12 மணி என்று வைத்தால், 1 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் சுறுசுறுப்பாகப் போக வேண்டும். என்னுடையது ஒரு சமயம் 4 மணிப் பக்கம், முழங்கைக்குக் கீழே சோம்பலாக விழுந்தது. போல்டை முன்னால் தள்ளும் நீண்ட ஸ்பிரிங்கை எடுத்து அளந்தேன். புதுசில் சுமார் 19¾ அங்குலம் இருக்கும். 19-க்குக் கீழே போனால் மாற்றிவிடுவது வழக்கம். என்னுடையது 18¾. புதுசு போட்டு, சறுக்கும் இடங்களுக்கு எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் தடவினேன். சரியாகிவிட்டது.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கொலம்பஸிலிருந்து நம்மூர்த் தம்பி ஒருவர் போன் செய்தார். மனைவியின் தாத்தா கொரியப் போரிலிருந்து திரும்பியவர், அவர் விட்டுப்போன ரைபிள் இது. "பிரைமரில் குழி விழுது அங்கிள், இருநூறு டாலருக்கு ஒருத்தர் கேட்கிறார், கொடுத்துடட்டுமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொன்னேன். மேலே சொன்ன சோதனையைச் செய்தோம், ஹேமர் ஒழுங்காக மாட்டியது. ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருந்தது, மாற்றிக் கொடுத்தேன். விற்கும் யோசனையை விட்டுவிட்டார்.

தயவுசெய்து அடுத்த ஞாயிறு இணைப்பில் இரண்டையும் திருத்துங்கள். இடம் போதாவிட்டால், இரண்டு தடவை வெடிப்பதைப் பற்றிய திருத்தத்தையாவது முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்
டொலீடோ, ஓஹையோ