வருகிறவர்கள் கேட்கட்டும், பிள்ளைகள் சொல்லட்டும்

அன்புள்ள மகளுக்கு,

நீ என்னிடம் படித்த தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கே ஆங்கில ஆசிரியையாகத் திரும்பியிருக்கிறாய். அதுவே எனக்குப் பெருமை. இப்போது வெளிநாட்டுத் தொண்டர்களை அழைத்து வார இறுதி ஆங்கில முகாம் நடத்தப்போகிறாய் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் உன்னைப் போல் முயல்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உன் நிகழ்ச்சி நிரலில் காலையில் இலக்கணம், பிறகு உச்சரிப்பு என்று இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிடு. நம் பிள்ளைகள் 3ஆம் தரத்திலிருந்து ஆங்கிலத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள். இறந்தகால வடிவங்களைக் கேட்டால் மடமடவென்று ஒப்புவிப்பார்கள். சாதாரண தரப் பரீட்சையோ எழுத்தைத்தான் அளக்கிறது. அதனால் இத்தனை வருடம் படித்த பிள்ளை, வாய் திறந்து நான்கு வசனம் பேசாமலே பாடசாலையை விட்டுப் போய்விடுகிறது. கரும்பலகைப் பாடத்துக்கு நீ ஒருத்தி போதும். கடல் தாண்டி வருகிறவருக்கு நம் மலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் நமக்கு வேண்டும்.

வகுப்பில் நாம் கேட்கும் கேள்விக்கு விடை நமக்கே தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அதனால் பிழை விடக் கூடாதே என்ற பயம் நாக்கைக் கட்டிவிடுகிறது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளைகளைத் தறித்துவிட்ட, மலையைப் பார்த்து, இந்தச் செடிகள் ஏன் இப்படி மொட்டையாக நிற்கின்றன என்று ஒருவர் உண்மையாகவே புரியாமல் கேட்கட்டும். விடை 7ஆம் தரப் பிள்ளையிடம் இருக்கிறது. வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும், அம்மாவின் கைக்குக் கொழுந்து எட்டாது. இதைச் சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில் சொற்கள் முன்பின்னாக வரும். வரட்டும். நடுவில் புகுந்து திருத்தாதே. தொண்டர்களும் திருத்தக் கூடாது என்று முதல் நாள் மாலையே சொல்லிவிடு.

முகாமை மாசியில் வைத்துக்கொள். மே மாதத்துக்குப் பிறகு ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் அட்டைக்கடியும்தான். மாசியில் வெயில் இருக்கும், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தும் இருக்கும். மன்மதன் ஏன் அம்பு விட்டான், சிவன் ஏன் எரித்தார், ரதியாக வேடம் கட்டியவர் ஏன் ஆணாக இருக்கிறார் என்று வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நெற்றிக்கண்ணுக்கு ஆங்கிலச் சொல் தெரியாத பிள்ளை நெற்றியைத் தொட்டுக் காட்டும், கையை விரித்து நெருப்பைக் காட்டும், பிறகு தெரிந்த சொற்களைக் கோத்துக் கதையை முடித்துவிடும். தப்படிக்கத் தெரிந்த பையன்கள், வகுப்பில் கடைசி வாங்கில் உட்காருகிறவர்கள், அன்றைக்கு முன்னால் நிற்பார்கள். எனக்கு இதில்தான் மிகுந்த ஆசை.

தொண்டர்கள் எல்லோரும் இங்கிலாந்திலிருந்தே வர வேண்டும் என்று நினைக்காதே. ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வருகிறவர் ஆங்கிலத்தை நம்மைப் போலப் பாடசாலையில் கற்றவர். பேச்சின் நடுவே அவரும் ஒரு சொல்லைத் தேடுவார். பெரியவர் ஒருவர் வெட்கப்படாமல் சொல் தேடுவதை நம் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

கட்டாயம் ஒரு கேள்வி வரும்: நீங்கள் இந்தியர்களா? யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனாலும் அந்த இடத்தில் பிள்ளை தலைகுனிந்து நிற்கக் கூடாது. முகாமுக்கு முந்திய வாரத்தில் வகுப்பில் தமிழிலேயே பேசு. நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து 1820கள் முதல் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் கொண்டுவரப்பட்டதை, 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்ததை, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரித்ததை, நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்க 2003இல் சட்டம் வந்ததைச் சொல். பிறகு ஆங்கிலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு ஏற்ற வசனத்தைத் தானே அமைக்கட்டும். நாங்கள் இலங்கையர், மலையகத் தமிழர் என்று நிமிர்ந்து சொல்லப் பழகுவதைவிடப் பெரிய ஆங்கிலப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

படம் எடுப்பது பற்றிக் கண்டிப்பாக இரு. எல்ல பாலத்துக்கும் ஹப்புத்தளைக்கும் போகிற வழியில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் நம் தாய்மாரை யார் யாரோ கேட்காமலே படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முகாமில் அது வேண்டாம். நாம் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் வாசலும் செருப்பில்லாத கால்களும் யாருடைய கைபேசியிலும் போகக் கூடாது. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு படமும் வேண்டாம். பிள்ளைகளின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுக்காதே. கடிதம் எழுத விரும்புகிறவர் பாடசாலை முகவரிக்கு எழுதட்டும்.

சனிக்கிழமை கொழுந்து இருந்தால் தாய்மார் மலைக்குப் போய்விடுவார்கள். சின்னத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மூத்த பெண்பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள். அவர்களை விட்டுவிடாதே. சின்னவர்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல். ஓர் அறையில் பாய் விரித்து வை, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே ஏறிவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய டீச்சர்