வர்க்கி நமத்துப் போகாமல் இருக்க

குன்னூர்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஒரு சோதனை முடியட்டும், முடிவோடு சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்தேன். நேற்றுத்தான் முடிந்தது. புது வேலை உனக்குப் பிடித்துப்போனதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. சென்னை வெயில்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாய். மலையில் பிறந்த உடம்பு, பழக இரண்டு கோடையாவது ஆகும். மோர் நிறையக் குடி.

நான் மூன்று மாதமாக ஊரில்தான் இருக்கிறேன். டிசைன் படிப்பில் இந்தப் பருவத்துக்கு எங்களுக்குக் கொடுத்த வேலை இது: சொந்த ஊரில் விற்கிற தின்பண்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் இல்லாமல் அதற்கு ஒரு பேக்கிங் செய்ய வேண்டும். வகுப்பில் ஒருத்தி சில்லுக் கருப்பட்டியை எடுத்தாள். அவளுக்கு ஓலைக்கொட்டான் ஏற்கெனவே இருக்கிறது. நான் நம்ம பேக்கரிகளில் சுடுகிற மொறுமொறு வர்க்கியை எடுத்தேன்.

வர்க்கியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சூடாக வாங்கித் தின்றுகொண்டே ஏறி வந்தவர்கள் நாம். ஆனால் அது எப்படிக் கெடுகிறது என்று இப்போதுதான் உட்கார்ந்து கவனித்தேன். விறகு அடுப்பில் வெந்து, அடுக்கடுக்காக உப்பி, ஈரமே இல்லாமல் காய்ந்து வெளியே வருகிறது. அப்படிக் காய்ந்த பண்டம் சுற்றியிருக்கிற காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம்ம ஊர்க் காற்றிலோ மழைக்காலத்தில் பாதி நாள் மேகமே உலாவுகிறது.

ஐந்து விதமாகக் கட்டி அடுக்களை அலமாரியில் வைத்தேன். பழுப்புத் தாள் பை, மெழுகு தடவிய தாள், கண்ணாடித்தாள் (செல்லோபேன்), பாக்குமட்டைப் பெட்டி, மூடி இறுகிய தகர டப்பா. தினமும் காலையில் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டு கொடுப்பேன். கடித்துப் பார்த்து, சத்தத்தைக் கேட்டே தீர்ப்புச் சொல்லிவிடுவார். தாள் பையில் இருந்தது மறுநாளே 'நமத்துப் போச்சு'. பாக்குமட்டை அதற்கடுத்த நாள். மெழுகுத்தாளும் கண்ணாடித்தாளும் நான்கு நாள் தாண்டவில்லை. கண்ணாடித்தாள் மரக்கூழில் செய்வது, மண்ணில் மக்கிவிடும் என்று அதன் மேல் நிறைய நம்பிக்கை வைத்திருந்தேன். தண்ணீர் ஒழுகாமல் நிற்கிற அந்தத் தாள், பூச்சு இல்லாவிட்டால் நீராவியை உள்ளே விட்டுவிடுகிறது. டப்பாவில் இருந்தது பத்தாம் நாளும் நொறுங்கியது.

அப்புறம் அந்த 'மக்கும் பை'. பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும், பச்சை இலைப் படம் போட்டிருக்கும், பார்த்திருப்பாய். கோயம்புத்தூரில் வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் பீட்ரூட் பாத்தி ஓரத்தில் ஒரு முழ ஆழத்தில் புதைத்தேன். பக்கத்திலேயே ஒரு செய்தித்தாள் துண்டும் ஒரு வாழை இலையும். 75 நாள் கழித்து நேற்றுத் தோண்டினேன். இலை இருந்த இடமே தெரியவில்லை. செய்தித்தாள் விரல் பட்டதும் பிய்ந்தது. பையை உதறி, குழாயடியில் கழுவினேன்; அந்த இலைப் படம்கூட மங்கவில்லை. இந்த வகைப் பைகளுக்குச் சான்று தருகிற சோதனையை 58 டிகிரி சூட்டில் செய்கிறார்கள். பெரிய உரக்கிடங்கின் குவியலுக்குள் அந்தச் சூடு இருக்கும். நம்ம மலை மண்ணில் அதில் பாதிகூட வராதே செல்வி! கோயம்புத்தூரில் விற்கிற பையை அப்படியே மலைக்கு ஏற்றக்கூடாது என்று ஆய்வறிக்கையில் அழுத்தியே எழுதியிருக்கிறேன். 2019 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்கத் தடை வருவதற்கு முன்பே பிளாஸ்டிக் பையை விட்ட மாவட்டம் நம்முடையது. அதன் இடத்தில் இதை வாங்கிப் புதைத்துக்கொண்டிருந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

நடுவில் கூடலூர்ப் பக்கம் போய் வந்தேன். உண்ணிச்செடிக் குச்சியில் ஆள் உயரத்தை மிஞ்சிய யானைகளைப் பழங்குடி மக்கள் செய்கிறார்கள். லண்டன் வரைக்கும் போன யானைகள். குச்சியை வேகவைத்து, பட்டையை உரித்து, வளைக்கிற விதத்தை நாள் முழுக்கப் பார்த்து நோட்டு நிறைய வரைந்தேன். காட்டைத் தின்கிற களையை வெட்டுவதால் காட்டுக்கும் நல்லது. டப்பாக்களை அடுக்கிக் கொண்டுபோக அந்தக் குச்சியிலேயே ஒரு தட்டுக்கூடை வரைந்திருக்கிறேன்.

முடிச்சை அவிழ்த்தது பேக்கரி மாஸ்டர். மாதிரிகளை எல்லாம் அவர் முன்னால் பரப்பியதும், "எத்தன நாள் தாங்கணும் கண்ணு?" என்று கேட்டார். அதை நான் யாரிடமும் கேட்கவே இல்லை. உள்ளூர்க்காரர்கள் வாங்கிய அன்றே டீயில் முக்கித் தின்றுவிடுகிறார்கள், அவர்களுக்குத் தாள் பை போதும். பழைய ஆட்கள் தூக்குப்போசியோடு வருவார்களாம். மலை இறங்கி ஊர் போய்ச் சேர வேண்டிய வர்க்கிக்குத்தான் டப்பா வேண்டும்.

1958-ல் நம் அரசு கேட்டு அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி ஓர் அறிக்கை எழுதினார்கள். 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்க அதுதான் அடிப்படை. இந்தியாவில் பார்த்த பொருட்களிலேயே அவர்கள் மிகவும் வியந்தது சொம்பைத்தான். எவ்வளவு தண்ணீர், யார் கை, தலையிலா இடுப்பிலா, எப்படி ஊற்றுவது என்று அதற்காகக் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போகிறார்கள். முதலாண்டில் பரீட்சைக்காகப் படித்தேன். மாஸ்டர் கேட்ட அன்று ராத்திரி மறுபடி எடுத்துப் படித்தேன்.

அதனால் தகர டப்பாவையே வைத்துவிட்டேன். டப்பாவுக்கு என்று கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் திருப்பித் தருவது. சுற்றுலாக்காரர்கள் எங்கே திருப்பித் தரப் போகிறார்கள் என்று வகுப்பில் கேட்டார்கள். 2022-ல் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலுக்குத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் நம்ம நீலகிரியில்தானே முதலில் வந்தது? பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. மலை இறங்கும் வண்டிகள் மேட்டுப்பாளையம் வழியாகப் போவதால் அங்கே ஒரு கடை டப்பாவை வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அந்தக் கடையை இன்னும் பிடிக்கவில்லை.

சரி, உன்னிடம் ஒரு உதவி. கடற்கரைக் காற்றில் இந்த டப்பா எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இரண்டு டப்பா போட்டு விடுகிறேன். ஒன்றைத் தினமும் திறந்து ஒரு வர்க்கி எடுத்துக்கொள். இன்னொன்றைப் பதினைந்தாம் நாள்வரை தொடாதே. எந்த நாளில் சத்தம் குறைந்தது என்று தேதி போட்டு எழுது. டப்பாவைப் பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
உன் தோழி