அங்க கீழ என்ன பாறைன்னு கேட்டீங்களே அப்பா

அப்பா அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். டியூட்டி ஓடிட்டு இருக்கு, மழைதான் நிக்கவே மாட்டேங்குது. அம்மா, நீ அனுப்புன ஊறுகாய் உடையாம வந்து சேர்ந்துச்சு, வார்டுல ஒரு மலையாளி பொண்ணுக்கும் கொஞ்சம் குடுத்தேன்.

அப்பா, எப்ப போன் பண்ணாலும் நீங்க "அங்க கீழ என்ன பாறைம்மா"ன்னு கேப்பீங்க, நானும் கிரானைட்டுன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு போனை வச்சிடுவேன். கோலார் தங்க வயல் சாம்பியன் ரீஃப் மைன்ஸ்ல அத்தனை வருஷம் கீழ இறங்குன ஆளுக்கு அது ஒரு பதிலா. இன்னிக்கு லீவு, அதான் உக்காந்து நீளமா டைப் பண்றேன், தம்பியை எழுத்தைப் பெருசு பண்ணிக் காட்டச் சொல்லுங்க.

முதல்ல ஊரு எப்படின்னா, கார்ன்வால் இங்கிலாந்தோட தென்மேற்கு வாலு, மூணு பக்கமும் கடல். நான் வேலை பாக்கிறது ட்ரூரோ, வாடகை கம்மின்னு வீடு எடுத்தது ரெட்ருத். வீட்டுச் சுவரு கிரானைட், மேல கூரை ஸ்லேட்டு. அந்த ஸ்லேட்டு ஓடு டெலபோல்னு ஒரு ஊர்ல வெட்டுறது, 600 வருஷத்துக்கு மேல அங்க வெட்டிட்டே இருக்காங்களாம். இந்த கவுண்டியை, நம்ம மாவட்டம் மாதிரி, புரிஞ்சுக்க ரொம்ப தூரம் போக வேணாம், என் வீட்டைப் பாத்தா போதும், சுவத்துல ஒரு பாறை கூரைல ஒரு பாறை, இந்த ஊர்ல நடந்த நல்லது கெட்டது எல்லாமே இந்த ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொட்ட இடத்துலதான் நடந்திருக்கு.

பழசு ஸ்லேட்டு பக்கம்தான். 40 கோடியிலிருந்து 30 கோடி வருஷம் முன்னாடி வரைக்கும் இங்க கடல் இருந்திருக்கு, அடியில படிஞ்ச சேறும் மணலும்தான் அது, அப்புறம் கண்டம் கண்டம் மோதுனப்ப நசுங்கி மடங்கி இறுகிப் போச்சு. மைன்ஸ்காரங்க இதை கில்லாஸ்னு சொல்றாங்க. வடக்குக் கடற்கரைல மில்லுக்னு ஒரு இடம், அங்க மலைச்சரிவு முழுக்க புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பா V எழுத்து மாதிரி நிக்குது, நான் போட்டோ அனுப்பினேனே, அம்மா கூட இதை யாரு செதுக்குனாங்கன்னு கேட்டாளே, அதேதான். யாரும் செதுக்கல, அத்தனை கெட்டியான மணல்கல்லை பூமி மடிச்சு வச்சிருக்கு.

இது எல்லாம் முடிஞ்சப்புறம், சுமாரா 29 கோடி வருஷம் முன்னாடி, கீழேர்ந்து கிரானைட்டு உருகி மேல ஏறி வந்துச்சு. பக்கத்து கவுண்டி டெவன்ல இருக்கிற டார்ட்மூர்லேர்ந்து கடலுக்குள்ள இருக்கிற சில்லி தீவு வரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல, அடியில எல்லாம் ஒரே கல்லு அப்பா, போட்மின் மூர், செயின்ட் ஆஸ்டல், லேண்ட்ஸ் எண்டுன்னு அங்கங்க தலை மட்டும் வெளிய தெரியுது. நம்ம ஊரு பாறைக்கு 270 கோடி வயசுன்னு சொல்வீங்க, அதுக்கு முன்னாடி இது கைக்குழந்தை. உயரமும் ஒண்ணும் பெருசில்ல, இவங்க பெருமையா சொல்ற ப்ரௌன் வில்லி மலையே 420 மீட்டர்தான், நம்ம கேஜிஎஃப் தரையே அதைப் போல ரெண்டு மடங்கு உயரத்துல இருக்கு. ஆனா வீட்டு ஜன்னல்லேர்ந்து கார்ன் ப்ரே மலையைப் பாத்தா, உருண்டைப் பாறையா அடுக்கி நிக்கும், ஆவணி மலைக்குப் போற வழிதான் ஞாபகம் வரும். ரோட்டு ஓரக் கல்லுலயே விரல் நீளத்துக்கு வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் படிகம் பளிச்சுன்னு தெரியுது, நடுவுல கறுப்பா டூர்மலின், நீங்க இருந்தா குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டே வருவீங்க, பஸ்ஸை விட்டுடுவோம்.

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன். கிரானைட்டு ஆறும்போது அதுலேர்ந்து கொதிக்கிற உப்புத்தண்ணி விரிசல் வழியா கில்லாஸுக்குள்ள ஏறியிருக்கு, ஏறுன வழியெல்லாம் தகரம் (டின்னு), தாமிரம், டங்ஸ்டன், ஆர்சனிக்கு எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிருக்கு. அதனாலதான் லோடு, அதான் பாறைக்குள்ள தாது ஓடுற நரம்பு, எல்லாம் செங்குத்தா, பெரும்பாலும் கிழக்கு மேற்கா கொஞ்சம் வடகிழக்கு சாய்ஞ்சு ஓடுது, மைன்ஸும் கிரானைட்டு கில்லாஸ் சேர்ற ஓரத்துலயே வரிசையா இருக்கு. மேல தாமிரம், ஆழம் போகப் போக தகரம். தாமிரம் தீந்துடுச்சுன்னு நினைச்ச மைன்ஸ்ல கீழ போய் தகரம் எடுத்திருக்காங்க. கேம்போர்ன் பக்கத்துல டால்கோத்னு ஒண்ணு, 1000 மீட்டர் ஆழம், அந்தக் காலத்துல அதுதான் இங்க பெரிய பேரு. நீங்க சிரிப்பீங்க, நீங்க 3 கிலோமீட்டர் போன ஆளு. ஆனா இவங்களுக்கு சூட்டை விட தண்ணிதான் எமன். அதுக்குத்தான் கீழ இறங்குற பெரிய ஷாஃப்ட்டுக் குழிங்க பக்கத்துல எல்லாம் கல்லுல ஒரு பெரிய கட்டடம் கட்டி ஸ்டீம் இஞ்சின் வச்சு ராப்பகலா தண்ணி இறைச்சிருக்காங்க. இப்பவும் ஊரு பூரா அந்தக் கட்டடம் கூரை இல்லாம, புகைக்கூண்டு மட்டும் நீட்டிட்டு நிக்குது, 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க. நம்ம ஷாஃப்ட்டு மேல நின்ன ஹெட்கியர் இரும்புக் கோபுரம் எல்லாம் பழைய இரும்புக் கணக்குல போறதை நினைச்சா எனக்கு எரிச்சலா வருது.

1866ல தாமிர விலை விழுந்துச்சு, மைன்ஸ் ஒவ்வொண்ணா மூடி ஆயிரக்கணக்குல ஆளுங்க ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கான்னு கிளம்பிப் போயிட்டாங்க, அதுல ஒரு கூட்டம்தான் 1880ல ஜான் டெய்லர் கம்பெனி நம்ம கோலார்ல இறங்குனப்புறம் அங்க வந்தது. தாத்தா சொல்வாரே, கேப்டன் வந்தாரு கேப்டன் திட்டுனாருன்னு, மைன்ஸ்ல மேஸ்திரிக்கெல்லாம் மேல இருந்த அந்தக் கேப்டனுங்க வேலை கத்துக்கிட்ட இடம் இந்த ரெட்ருத் கேம்போர்ன் பக்கம்தான். வார்டுல ஒரு பெரியவர், சின்ன வயசுல தகர மைன்ஸ்ல வேலை பாத்தவரு, எந்த ஊருன்னு கேட்டாரு, இந்தியான்னு சொன்னா விடல, இந்தியால எங்கன்னாரு, கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்னு சொன்னதும் எழுந்து உக்காந்துட்டாரு, அவங்க தாத்தாவோட அண்ணன் அங்க இருந்தாராம். அப்புறம் ஊசி போட வேற யாரு போனாலும் கோலார் பொண்ணு எங்கன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாரு. அவங்க குடும்பம் அங்க பங்களால, நம்ம குடும்பம் லைன் வீட்ல, அதை நான் அவர்கிட்ட சொல்லல, ஆனா மனசுல ஓடாம இல்ல.

லேண்ட்ஸ் எண்டுக்குக் கொஞ்சம் வடக்க லெவன்ட்னு ஒரு மைன் இருக்கு, நான் ரொம்ப நேரம் நின்னு பாத்தது அங்கதான். லோடு கடலுக்கு அடியில ஓடுது, அதனால இவங்களும் அது பின்னாடியே கடலுக்கு அடியில ஒரு மைலுக்கு மேல தோண்டிப் போயிருக்காங்க. புயல் நேரத்துல கடல் அடியில பாறாங்கல்லு உருளுற சத்தம் தலைக்கு மேல கேக்குமாம். ஆளு இறங்க ஏற ஒரு நீளமான கம்பு, அது மேலயும் கீழயும் போகும், படி மாத்தி மாத்தி நின்னு ஏறணும், 1919 அக்டோபர்ல அது அறுந்து 31 பேரு செத்துட்டாங்க. நம்ம மைன்ஸ்ல பாறை வெடிச்சு ராக் பர்ஸ்ட் ஆன அன்னிக்கு சைரன் சத்தம் கேட்டு அம்மா வாசல்ல நின்ன கதை எல்லாம் எனக்கு அங்க நிக்கும்போது ஞாபகம் வந்துச்சு, பக்கத்துல டூரிஸ்ட்டு எல்லாம் செல்ஃபி எடுத்துட்டு இருந்தாங்க.

கடைசியா ஓடிட்டு இருந்த சவுத் க்ராஃப்டி மைனு 1998ல மூடுனாங்க, நம்மது 2001. ஆனா இப்ப தகர விலை ஏறிடுச்சு, அதனால உள்ள நிரம்பிக் கிடக்கிற தண்ணியை சுத்தம் பண்ணி இறைச்சு வெளிய விட்டுட்டு இருக்காங்க, திரும்ப தொறக்கப் போறாங்களாம். நம்ம ஷாஃப்ட்லயும் தண்ணி ஏறிக் கிடக்கே, இத்தனை வருஷம் தண்ணில ஊறுன மரம், சப்போர்ட்டு எல்லாம் தாங்குமாப்பா? இதுக்கு நீங்க பதில் சொல்லியே ஆகணும், இங்க ஒரு ஆளும் தெளிவா சொல்ல மாட்டேங்குறாங்க.

செயின்ட் ஆஸ்டல் பக்கம் வேற கதை. அங்க கிரானைட்டே உள்ளுக்குள்ள இத்துப் போயிருக்கு, ஃபெல்ட்ஸ்பார் எல்லாம் வெள்ளைக் களிமண்ணாயிடுச்சு, தண்ணியைப் பீச்சி அடிச்சா கரைஞ்சு வருது. பீங்கானுக்கும் பளபளப்புக் காகிதத்துக்கும் அதான். ஒரு டன்னு களிமண்ணுக்கு சுமாரா 9 டன்னு கழிவு, அதைக் கொட்டிக் கொட்டி வெள்ளை மலையா ஆயிடுச்சு, முதல் தடவை பஸ்லேர்ந்து பாத்தப்ப நம்ம ஊர்ல தங்கம் எடுத்த கழிவைக் கொட்டுன சைனைடு மேடுதான்னு நினைச்சுட்டேன், அதே தட்டையான தலை, அதே சரிவு. இதுல சைனைடு கிடையாது, பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல், காத்தடிச்சா நம்மளைப் போல கதவை அடைச்சுட்டு இருமவேண்டியதில்ல. அதுல ஒரு பழைய குழிக்குள்ள ஈடன் ப்ராஜெக்ட்னு பெரிய பெரிய கூண்டு கட்டி வாழை, கோகோ எல்லாம் வளக்குறாங்க. தொறந்தது 2001ல. நம்ம மைன்ஸை இழுத்து மூடுன அதே வருஷம்.

தெற்கு மூலைல லிசர்ட்னு ஒரு முனை இருக்கு, அது கிரானைட்டும் இல்ல கில்லாஸும் இல்ல. பூமிக்கு மேல்தோலு முடிஞ்சு அதுக்கு அடியில மேன்டில் ஆரம்பிக்கும்ல, நீங்க 3 கிலோமீட்டர் போயும் தொட முடியாத இடம், அது அங்க கடல்தரையோட சேந்து அப்படியே பேத்துக்கிட்டு மேல வந்து உக்காந்திருக்கு. கவரக்குன்னு ஒரு ஊரு, பீச்சுல ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் நடந்தா மேன்டில்லேர்ந்து மேல்தோலுக்கு நடந்து வந்துடலாம், செருப்பு போட்டுக்கிட்டே! கைனான்ஸ்ல பாறை எல்லாம் சிவப்பும் பச்சையுமா கையால தேய்ச்ச மாதிரி வழுவழுன்னு இருக்கு. அந்தக் கல்லைக் கடைஞ்சு சின்னச் சின்ன பொம்மை விக்கிறாங்க, உங்களுக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்.

இதுக்கு நடுவுல வீட்டுக்காரம்மா ஒரு நாள் வந்து பெட்ரூம்ல ஒண்ணு ஹால்ல ஒண்ணு சின்ன பிளாஸ்டிக் டப்பா வச்சுட்டு மூணு மாசம் தொடாதேன்னு சொல்லிட்டுப் போச்சு. ரேடானாம். கிரானைட்டுல கொஞ்சூண்டு யுரேனியம் இருக்கு, அது சிதைஞ்சு சிதைஞ்சு இந்த வாயுவா வருது, நிறமும் கிடையாது வாசமும் கிடையாது, தரை விரிசல் வழியா வீட்டுக்குள்ள ஏறி நிக்குமாம். இந்த நாட்டுல நுரையீரல் கேன்சருக்கு சிகரெட்டுக்கு அடுத்த காரணம் இதுதான். ஒரு கன மீட்டர் காத்துல 200 பெக்கரலுக்கு (கதிரியக்கத்தை அளக்குற அலகு) மேல போனா, தரைக்கு அடியில குழி போட்டு ஃபேன் வச்சு இழுத்து வெளிய விடுற மாதிரி ஏதாவது பண்ணச் சொல்றாங்க. எங்க வீட்ல அதுக்குக் கீழதான் வந்துச்சு, பயப்படாதீங்க, இருந்தாலும் குளிர்லயும் ஜன்னலைத் தொறந்து வச்சுட்டுதான் தூங்குறேன். இதுல வேடிக்கை என்னன்னா, அதே சிதைவுதான் அடியில கல்லை சூடாவே வச்சிருக்கு, ரெட்ருத் பக்கத்துல யுனைடெட் டவுன்ஸ்ல அந்தச் சூட்டுல கரண்டு எடுக்கிறதுக்காக 5,275 மீட்டர் துளை போட்டிருக்காங்க. அந்தத் தண்ணில லித்தியம் வேற இருக்காம். ஆளு இறங்கல, பைப்புதான் இறங்குது, உங்க ரெக்கார்டு அப்படியே இருக்கட்டும்.

ரேடான்னு படிச்சு படிச்சு எனக்கு உங்க இருமல்தான் ஓடிட்டு இருக்கு. குவார்ட்ஸ் தூசி நெஞ்சுல போய் உக்காந்தா வேலையை விட்டு இருபது வருஷம் கழிச்சும் வேலையைக் காட்டும், அது உங்களுக்கே தெரியும், உங்க செட்டுல எத்தனை பேரு போயிட்டாங்க. மைன்ஸ் ஆஸ்பத்திரி பழைய சீட்டு இருக்குன்னு சொல்லிச் சமாளிக்காதீங்க. கோலார்லயோ பெங்களூர்லயோ புதுசா ஒரு எக்ஸ்ரே எடுத்து, ஊதிப் பாக்குற டெஸ்டும் பண்ணிடுங்க, பணம் தம்பி அக்கவுண்ட்ல போட்டுட்டேன். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துல வச்சு தம்பியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ரிப்போர்ட்டு பேப்பரும் சேத்து.

உங்க பொண்ணு