அனுப்பியவர் வேறு, எழுதியவர் வேறு

கீழக்கரை

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். தடைக்காலம் முடிந்து பாம்பனில் போட்டெல்லாம் கடலுக்குப் போய்விட்டதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது.

உன் பேட்சை, அதாவது நீ அனுப்பிய கோடு திருத்தத்தை, வரிவரியாகப் படித்தேன். ஒரு பேட்சை மெயிலில் அனுப்பும்போது, அனுப்புகிறவரும் கோடு எழுதியவரும் வேறு ஆட்களா என்று பார்த்து, வேறென்றால் மெயிலின் உள்ளே முதல் வரியில் எழுதியவரின் 'ஃப்ரம்' வரியைச் சேர்க்கிறாய். தேவையான வேலைதான். ஆனால் இதில் இரண்டு விதத் தவறும் ஒன்றல்ல. ஒரே ஆளை வேறென்று நினைத்தால் ஒரு வரி கூடுதலாகப் போகும், அவ்வளவே. இருவரை ஒருவரென்று நினைத்தால் அந்த வரி போகாது. மெயிலில் வந்த பேட்சை எடுத்து, கோடு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேர்க்கும் 'கிட் ஏஎம்' கட்டளை அனுப்பியவரையே ஆசிரியராகப் பதிந்துவிடும். எழுதியவன் உழைப்பு அடுத்தவன் பேரில் ஏறுவதை என்னால் ஏற்க முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் 'வேறு' என்றே முடிவு செய்.

முகவரி மட்டும் பொருந்தினால் போதும் என்று விட்டிருக்கிறாய். ஒரே ஆபீஸ் முகவரியை மூன்று பேர் பயன்படுத்தும் இடங்களில் இது கவிழும். பேட்சை மெயிலாகத் தயாரிக்கும் கிட்டின் 'ஃபார்மட்-பேட்ச்' கட்டளை முகவரி, பெயர் இரண்டையும் பார்க்கிறது. நீயும் அப்படியே செய். இனிஷியலை வெட்டிவிட்டு ஒப்பிடும் அந்த ஃபங்ஷனை மொத்தமாக எடுத்துவிடு. ராமேஸ்வரத்தில் ராமநாதன் இல்லாத தெரு உண்டா? மு. ராமநாதனையும் சோ. ராமநாதனையும் பிரித்துக் காட்டுவதே அந்த ஓர் எழுத்துதான்.

அடுத்தது தமிழ்ப் பெயர்கள். மெயிலின் தலைப்பு வரிகளான ஹெடரில் இவை, ஆங்கிலம் அல்லாத எழுத்துக்கான விதியாகிய ஆர்எஃப்சி 2047 முறையில் மாற்றி எழுதப்பட்டு வரும். அதிலுள்ள 'கியூ' முறையில் தமிழின் ஒரு யூனிகோட் குறிக்கு 9 எழுத்து பிடிக்கும்; காலும் புள்ளியும்கூடத் தனிக் குறிதான். இப்படி மாற்றிய ஒரு துண்டின் நீளம் 75-ஐத் தாண்டக் கூடாது. எழுத்தை பைட்டாக்கிய முறை யூடிஎஃப்-8 என்று சொல்லும் முன்பின் பகுதிக்கே 12 போய்விடும். மீதி 63-இல் 7 குறிதான் அடங்கும். 'அருளானந்தம்' 11 குறி, ஆகவே இரண்டு துண்டாகும். ஏழாவது குறியான 'ந' முதல் துண்டில் நின்று, அதன் புள்ளி அடுத்த துண்டுக்குப் போகலாம். துண்டுகளுக்கு நடுவே வரும் இடைவெளியை டீகோட் செய்யும்போது விட்டுவிட வேண்டும். உன் கோடு அதை வைத்துக்கொள்கிறது. பெயர் நடுவில் பிளந்து நிற்கிறது.

டீகோட் செய்யும் இடமும் மாற வேண்டும். முதலில் முகவரியையும் பெயரையும் பிரி, பிறகு பெயரை மட்டும் டீகோட் செய். தலைகீழாகச் செய்தால் பெயருக்குள் ஒளிந்திருக்கும் காற்புள்ளி, ஹெடரைப் பிரித்துப் படிக்கும் பார்சரைக் குழப்பிவிடும். ஆங்கில எழுத்தில் இனிஷியலுக்குப் புள்ளி வைத்தவர்களின் பெயர் ஹெடரில் இரட்டை மேற்கோளுக்குள் வரும், கிட்டில் பதிந்த மாற்றமான கமிட்டில் அது இருக்காது. அதையும் கழற்றிவிட்டு ஒப்பிடு.

'கோமதி'யில் உள்ள ஓகாரக் குறி ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டில் வேறு. இரண்டு பக்கத்தையும், இவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவமான என்எஃப்சி-க்கு மாற்றிவிட்டால் சரியாகும். முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் டொமைனை மட்டும் சிறிய எழுத்தாக்கு. அட் குறிக்கு முன்னால் உள்ளதைத் தொடாதே.

டெஸ்டில் இரண்டு ராமநாதனையும் அருளானந்தத்தையும் கோமதியையும் சேர்த்து மறுபடி அனுப்பு. வந்ததும் பார்த்துவிடுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை