ராப் யாருடையது என்று கேட்குமுன், சொல் யாருடையது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் பிறந்த ஹிப்ஹொப் கலையில் உண்மையானது எது, அதன் பேச்சுப்பாட்டான ராப்பில் சந்தைக்காகத் தயாரிக்கப்படுவது எது என்று தங்கள் இதழில் கடந்த சில வாரங்களாக நடந்துவரும் வாதத்தை விடாமல் வாசித்து வருகிறேன். பணத்துக்காகப் பாடப்படும் எதுவும் ஹிப்ஹொப் ஆகாது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கு மறுமொழி எழுதியவரோ, கூத்தும் வசந்தன் ஆட்டமும் ஆடிய மண்ணில் இந்த அந்நியக் கூச்சலைப் பற்றி வாதிடுவதே வீண் என்று முடித்திருந்தார். மட்டக்களப்பில் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தமிழ் கற்பிப்பவள் நான். கூத்துக்கு மத்தளம் அடித்த ஒருவரின் மகளும் ஆவேன். இவ்விருவரின் கருத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஹிப்ஹொப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது 1973 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆம் திகதி. நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520 ஆம் இலக்க மாடிக் குடியிருப்பின் பொது மண்டபத்தில் அன்று நடந்த விருந்தை ஒழுங்கு செய்தவர் சிண்டி காம்ப்பெல் என்ற இளம்பெண். பாடசாலை திறக்குமுன் புது உடுப்பு வாங்கக் காசு சேர்ப்பதே அவருடைய நோக்கம். பெண்களுக்கு 25 சதமும் ஆண்களுக்கு 50 சதமும் நுழைவுக் கட்டணமாக அறவிடப்பட்டது. இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டவர் அவருடைய அண்ணன், கூல் ஹேர்க் என்று பின்னர் உலகம் அறிந்த கிளைவ் காம்ப்பெல். ஆகவே, காசு பின்னாளில் வந்து கெடுத்துவிட்ட கலை இது என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. முதல் இரவிலேயே வாசலில் சில்லறை எண்ணப்பட்டிருக்கிறது.

அந்த மண்டபத்துக்குள் நடந்தது என்ன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் அந்தச் சில வினாடிகளுக்காகவே இளைஞர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை ஹேர்க் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை அருகருகே சுழலவிட்டு, ஒன்றில் அந்தத் துண்டு முடியும்போது மற்றதில் அதையே தொடங்கி, சில வினாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். கூத்தில் ஆட்டக்காரரின் கால் சூடுபிடித்துவிட்டால், அவர் ஓயும்வரை கூத்தை நடத்தும் அண்ணாவியார் தாளக்கட்டை மடக்கி மடக்கிக் கொடுப்பதை, கூத்தாடும் அரங்கான வட்டக்களரியின் ஓரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூத்துத்தான் ராப் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டுக்குமே அநியாயம். ஆடுபவரைப் பார்த்து அடிப்பதா, ஆடுபவரைப் பாராமல் அடிப்பதா என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றே என்று மட்டும் சொல்கிறேன்.

பேச்சுப்பாட்டான ராப், ஹிப்ஹொப்பின் ஓர் அங்கம் மட்டுமே. இசைத்தட்டுக் கலையும் நிலத்தில் சுழன்றாடும் பிரேக் நடனமும் சுவரெழுத்தும் அதனோடு சேர்ந்தவை. இவையெல்லாம் வளர்ந்த இடத்தின் நிலைமையையும் மறக்கக் கூடாது. பிரொங்ஸின் குடியிருப்புகளை ஊடறுத்து ஒரு பெருந்தெரு போடப்பட்டு, பல்லாயிரம் பேர் இடம்பெயர்க்கப்பட்டிருந்தார்கள். எழுபதுகளில் அங்கே வீதி வீதியாகக் கட்டிடங்கள் எரிந்தன. காப்புறுதிப் பணத்துக்காக உரிமையாளர்களே தீ மூட்டுவித்த கதைகளும் பதிவாகியிருக்கின்றன. எரிந்த வீட்டையும் இடம்பெயர்ந்த வாழ்வையும் பற்றிக் கிழக்கிலங்கையில் இருப்பவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் போலி என்று ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதுவும் முதல் வெற்றிப் பாடலிலேயே இருக்கிறது. 1979 இல் வெளிவந்த 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பாடல்தான் ராப்பை நியூயோர்க்கின் தெருக்களுக்கு வெளியே கொண்டுசென்றது. அதைப் பாடிய மூவரும் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தால் அவசரமாகச் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களில் ஒருவரான பிக் பாங்க் ஹாங்க், கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிரொங்ஸ் கலைஞர் எழுதிய வரிகளை வாங்கி அப்படியே பாடினார். காஸ் அப்போது வைத்திருந்த மேடைப்பெயரைத் தன் வரியில் எழுத்துக்கூட்டிப் பதித்திருந்தார். ஹாங்க் அந்த வரியையும் மாற்றாமல், இன்னொருவர் பெயரைத் தன் பெயராக எழுத்துக்கூட்டிப் பாடிவிட்டார்! திருஞானசம்பந்தரின் திருக்கடைக்காப்பை ஒருவர் தாம் எழுதியதாகச் சொல்லிக்கொண்டு, அதிலுள்ள சம்பந்தர் பெயரையும் சேர்த்துப் பாடினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காஸின் பெயர் அந்தப் பாடலை எழுதியவர்களுக்குள் சேர்க்கப்படவேயில்லை. அந்தப் பாடல் விற்றது குற்றமில்லை. கோடிக்கணக்கானோர் கேட்டதும் குற்றமில்லை. சொல்லுக்கு உரியவரின் பெயர் மறைந்ததே குற்றம்.

மூன்றாண்டுகளின் பின், 1982 இல், அதே நிறுவனம் 'தி மெசேஜ்' என்ற பாடலை வெளியிட்டது. அழுகிய குடியிருப்பையும் வேலையின்மையையும் சிறையையும் பேசும் அந்தப் பாடலை, சமூக அக்கறையுள்ள ராப்பின் மூலவூற்று என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அது தெருவிலிருந்து தானாக எழுந்ததன்று. நிறுவன உரிமையாளர் சில்வியா ரொபின்சன் வற்புறுத்தியதால்தான் அது உருவானது. உறையில் பெயர் பொறிக்கப்பட்ட கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அதைச் செய்யவே தயங்கினார். 2002 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலைத் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே அது இடம்பெற்றது. 2018 இல் புலிட்சர் இசைப் பரிசு பெற்ற, ராப் கலைஞர் கென்ட்ரிக் லமாரின் 'டேம்' தொகுப்பும் பெருநிறுவனம் வெளியிட்டதே. செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் அப்பால் அந்தப் பரிசு போனது அதுவே முதற்தடவை. விற்பனையை அளவுகோலாக வைத்தால் இவற்றையெல்லாம் எந்தப் பக்கத்தில் வைப்பது?

தமிழிலும் இதே கதைதான். மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006 இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது, சினிமாவுக்கு வெளியே நின்று தமிழில் ராப் பாட முடியும் என்பதைப் பலர் உணர்ந்தார்கள். 2021 இல் பெரும் புகழ் பெற்ற 'என்ஜாய் எஞ்சாமி' பாடலைச் சுற்றிப் பின்னர் எழுந்த வாதமும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய ஒரு குடும்பத்தின் நினைவிலிருந்து வந்த சொற்களுக்கு உரிய பெயரும் இடமும் கொடுக்கப்பட்டனவா என்ற வாதமே. நாம் கேட்கவேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது.

இதை நான் நூலறிவால் மட்டும் எழுதவில்லை. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் ராப் எழுதுபவன். தொடக்கத்தில் அவன் எழுதியதெல்லாம் சென்னைப் பேச்சில், அவன் ஏறியிராத கார்களையும் கண்டிராத இரவு விடுதிகளையும் பற்றியே இருந்தது. நான் திருத்தவில்லை, இதில் உன் ஊர் எங்கே என்று மட்டும் கேட்டேன். சில மாதங்கள் கழித்து ஒரு கொப்பியோடு வந்தான். விளைந்த வயல் வட்டைக்குள் இரவில் யானை இறங்குவதையும், தகப்பன் காவற் பரணில் யானைவெடியோடு கண்விழித்துக் கிடப்பதையும், விடிந்தபின் மிதிபட்ட கதிர்களை எண்ணுவதையும் அதில் எழுதியிருந்தான். ஒவ்வோர் அடியும் 'மறுகா' என்ற சொல்லில் முடிந்தது. பிறகு என்பதற்கு நாங்கள் சொல்லும் அந்தச் சொல், அவன் பாட்டில் முதலில் கதை சொல்லும் சொல்லாகவும், போகப்போகக் காத்திருக்கும் சொல்லாகவும், கடைசியில் விடையில்லாத கேள்வியாகவும் மாறியிருந்தது. எதுகையையும் மோனையையும் எத்தனையோ ஆண்டுகள் கற்பித்த எனக்கு, ஓர் இயைபுச் சொல் இவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அவன் கற்பித்தான்.

அதை அவன் ஒரு போட்டியில் பாடினான். நடுவர்கள் புள்ளிகளைக் குறைத்தார்கள். கொச்சைத் தமிழ் என்றார் ஒருவர். ராப்புக்குரிய வேகம் போதாது, திரைப்படப் பாடல்களைக் கேட்டுப் பழகு என்றார் மற்றவர். பரிசு பெற்ற பாடலோ ஒரு திரைப்படப் பாடலின் மெட்டில் சொற்களை மாற்றிப் போட்டது. நடுவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் ராப் என்றால் வேகம் என்றும், தமிழ் என்றால் மேடைத்தமிழ் என்றும் அவர்கள் வைத்திருந்த இரண்டு அளவுகோல்களும் தவறானவை. அந்தப் பிள்ளை அடுத்த சில மாதங்களுக்குக் கொப்பியைத் தொடவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை.

அந்நியம் என்று எழுதிய வாசகருக்கும் ஒரு வார்த்தை. கூல் ஹேர்க்கே யமேக்காவில் பிறந்து பன்னிரண்டு வயதளவில் நியூயோர்க் வந்தவர். தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, இசைக்கு மேலே பேசும் வழக்கமும் அந்தத் தீவுக்கு உரியதே. நம்முடைய கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியுமாகப் பிரிந்து ஒருவரையொருவர் வசைபாடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கவிக்கு எதிர்க்கவி கட்டிய உம்மாமார்களின் பேரப்பிள்ளைகளுக்கும், சொல்லால் மோதுவது புதிதன்று. இரவு முழுவதும் ஆடப்பட்ட கூத்தைப் பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுசென்றார். அவருடைய மாணவர் மௌனகுரு அந்த வழியிலேயே 'இராவணேசன்' போன்ற ஆக்கங்களைச் செய்தார். களரியை விட்டுப் படச்சட்ட மேடைக்கு ஏறியதால் கூத்து பொய்யாகிவிட்டது என்று இன்று நாம் சொல்வதில்லை.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எங்கள் மாவட்டங்களின் இளைஞர்கள் வெளியிடும் பாடல்களைப் பற்றித் தங்கள் இதழ் எழுதும்போது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, சொற்களை எழுதியவர் யார், இசையை அமைத்தவர் யார், அவர்கள் எந்த ஊரவர் என்பதைக் கட்டாயம் பிரசுரியுங்கள். மேற்சொன்ன மாணவனின் கொப்பியிலிருந்து, அவனுடைய சம்மதத்துடன், ஒரு பாடலைப் பிரதிசெய்து இதனுடன் இணைத்துள்ளேன். இடம் போதாவிட்டால் என் கடிதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாடலையும் அதன்கீழ் உள்ள அவன் பெயரையும் குறைக்க வேண்டாம்.

இங்ஙனம்,
தமிழாசிரியை ஒருவர்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.