கௌரியும் பெள்ளியும்: தேடல் பெட்டி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் படிவங்களும் தேடல் பெட்டிகளும் எழுதும் மென்பொருள் நண்பர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்று, முதியோர் பென்ஷன் என்று எதற்கு வந்தாலும் ஜனங்கள் உங்கள் படிவத்தைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "பதிவு இல்லை" என்று திரை சொன்னால் திட்டு எனக்குத்தான் விழுகிறது.

கௌரி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம். தேடினால் வராது. காரணம், ஏற்றியவர் தட்டியது கெளரி. ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் ளகரம். பழைய தமிழ் டைப்ரைட்டரில் ஒற்றைக்கொம்பு, க, ள என்று தட்டினால் கௌ வந்துவிடும். காகிதத்தில் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டைப்பிங் பரீட்சையில் லோயர், ஹையர் பாஸ் செய்த விரல்கள் அந்தப் பழக்கத்தோடுதான் கணினிக்கு வந்தன. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடிலோ ஔகாரக் குறிக்கு ஒரு எண், ளகரத்துக்கு வேறு எண். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இப்படி ஒரு தொல்லை உண்டு, ஆனால் பாதிதான். அவர்கள் கஃபே என்று எழுதும்போது கடைசி எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு வரும். அதைக் கோட்டோடு சேர்த்து ஒரே எண்ணாக வைக்கலாம். எழுத்து தனி, கோடு தனி என்று இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடே விதித்திருக்கிறது. நம் ஒகர, ஓகாரக் குறிகளுக்கும் அதே விதிதான். பொம்மனின் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறி ஒரே எண்ணாகவும் வரும், கொம்பும் காலுமாகப் பிரிந்து இரண்டு எண்ணாகவும் வரும். எங்கள் ஊர்ப் பெயரே இரட்டைக்கொம்போடுதான் தொடங்குகிறது, அதற்கும் இதே கதை. ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் என்.எஃப்.சி என்ற, யூனிகோடு வகுத்த ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் ஒரு வரி வேலை. அந்த ஒரு வரிகூட இல்லாத தளங்களோடு மல்லுக்கட்டும்போதுதான் எரிச்சல் வருகிறது.

ஆனால் கௌரியை என்.எஃப்.சி காப்பாற்றாது. ளகரம் அதற்கு ளகரம்தான்.

அப்படியானால் கொம்புள்ள எழுத்துக்குப் பின் ள வந்தால் ஔகாரமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். படுகர் வீடுகளில் பெள்ளி என்ற பெயர் சர்வ சாதாரணம். அங்கே இருப்பது நிஜமான ள. மாற்றினால் புள்ளி ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். பல திரைகளில் பெயரின் நடுவே புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும். வெள்ளியங்கிரிக்கும் அதே கதி.

எதிர்த் திசையில் போங்கள். பதிவில் உள்ள பெயரைத் தொடவே வேண்டாம். ஆதாரில் எப்படியோ அப்படியே இருக்கட்டும். தேடலுக்கு மட்டும் அட்டவணையில் தனியாக ஒரு நெடுவரிசை வைத்து, அதில் ஔகாரக் குறியைக் கொம்பும் ளகரமுமாகப் பிரித்துப் போடுங்கள். தேட வருபவர் தட்டுவதையும் அதேபோல் பிரியுங்கள். எப்படித் தட்டினாலும் கௌரி கிடைப்பார், பெள்ளிக்கு ஒரு சேதமும் இல்லை. முதலெழுத்து ஔ-வையும் இப்படியே ஒகரமும் ளகரமுமாகப் பிரித்துவிடலாம். போனில் எ-வுக்குப் பதில் ௭, அ-வுக்குப் பதில் ௮ என்று தமிழ் எண்ணைத் தட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆள் பெயரில் தமிழ் எண் வர வேலையே இல்லை, யோசிக்காமல் மாற்றுங்கள்.

2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றபோது எழுத்துத் தகராறு முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் கடிதம் கிறுக்கலாகத் தெரியும் காலம் போனது, அது உண்மை. ஆனால் அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியபோது பழைய ளகரங்களும் கூடவே ஏறி வந்துவிட்டன. இன்று யாரும் புதிதாகத் தப்பாகத் தட்டாவிட்டாலும் அவை உள்ளேதான் இருக்கும். ஆகவே "பெயரைச் சரியாகத் தட்டவும்" என்று சிவப்பில் காட்டிப் பயனில்லை.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன் கௌரி, சௌந்தரம், பொம்மன், பெள்ளி, வெள்ளியங்கிரி ஆகிய பெயர்களை ஏற்றித் தேடிப் பாருங்கள். முதல் மூன்றையும் இரண்டு விதமாகவும் தட்ட வேண்டும்.

இப்படிக்கு,
கோத்தகிரி டைப்பிங் கடைக்காரன்